ஒரு கொப்பி, ஐந்து பிரதிகள்



வழக்கமாக இந்த நேரத்தில் வருமான வரி, வீட்டுக் கடன், சிறுதொழில் கணக்கு என்று உங்கள் தலையைப் போட்டு உடைப்பவன் நான். இம்மாதம் அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மெசினைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். வாடிக்கையாளர்களின் கணக்கறிக்கைகளைக் கட்டிக் கொடுப்பதற்காக என்னுடைய அலுவலகத்தில் வைத்திருக்கும் மெசின் அது. கடைகளில் கொயில் பைண்டிங் மெசின் என்பார்கள். பிள்ளைகளின் சில கொப்பிகளில் ஓரம் முழுக்க ஒரு சுருள் ஓடுமே, அந்தக் கட்டுத்தான்.

இதை ஏன் வானொலியில் சொல்ல வேண்டும்? எங்கள் வீடுகளில் அச்சகத்துக்கு ஒருநாளும் போகாத எழுத்து நிறைய இருக்கிறது. அம்மம்மாவின் கைமருந்துக் குறிப்புகள், அப்பா எழுதிவைத்த ஊர்க் கதை, பெரியப்பாவுக்கு மனப்பாடமாயிருந்த கூத்துப் பாட்டு, ஊரை விட்டு வந்த பாதையைப் பற்றி யாரோ ஒருவர் எழுதிய நாலு பக்கம். இவை பெரும்பாலும் ஒரேயொரு கொப்பியில், ஒரேயொரு வீட்டில் இருக்கின்றன. கனடாவில் வரிக் கணக்குக்குரிய தாள்களை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் எல்லோரும் அவற்றைக் கவனமாக வைத்திருக்கிறார்கள். அப்பாவின் கொப்பியை எத்தனை வருடம் வைத்திருப்பது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வீடு மாறும்போது அது பழைய பேப்பர்களோடு சேர்ந்து நீலத் தொட்டிக்குள் போய்விடுகிறது.

ஒரே பிரதியாக இருப்பதன் ஆபத்து எங்களுக்குப் புதிதல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல் என்றால் வேறு எங்காவது இன்னொரு பிரதி கிடைக்கலாம். மறுபிரதி இல்லாத ஏடுகளும் கைப்பிரதிகளும் போனது போனதுதான். அதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார் என்றால், அதற்கு முன்பு யார் யாரோ, பெயர் தெரியாதவர்கள், பழுதாகும் ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருந்தார்கள். ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்தார்கள். நாங்கள் தாளில் துளையிட்டுச் சுருள் கோக்கிறோம். வேலை ஒன்றுதான்.

சென்ற வருடம் ஓய்வுபெற்ற ரீச்சர் அம்மா ஒருவர் மூன்று சீ.ஆர். கொப்பிகளோடு என்னிடம் வந்தார். தன்னுடைய ஊரை ஒழுங்கை ஒழுங்கையாக எழுதியிருந்தார். எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யாருடைய கிணறு நல்ல தண்ணீர், 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு எந்தக் குடும்பம் எங்கே போனது என்று எல்லாம். பிள்ளைகள் நாலு பேரும் நாலு நாட்டில். "தம்பி, நான் போனாப் பிறகு இதுக்காகப் பிள்ளையள் சண்டை பிடிக்கக் கூடாது. சண்டை பிடிக்காமலே விட்டிட்டினம் எண்டால் அது இன்னும் கவலை" என்றார்.

பேத்தி கணினியில் தட்டெழுதிக் கொடுத்தாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், ஆனாலும் விடவில்லை. அச்சடிக்க முன்பு முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்துக்கொண்டு போகையில் ஓரிடத்தில் இரண்டு வீடுகள் இடம் மாறியிருப்பதை அவர் பிடித்துவிட்டார். நேயர்களே, அந்தப் பிழையைத் திருத்தக் கூடியவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். எழுதியவர் இருக்கும்போதே புத்தகம் கட்ட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். தட்டெழுதும்போது கட்டுகிற பக்கத்தில் ஓர் அங்குலம் வெறுமையாக விடுங்கள். தாளின் இரு பக்கமும் அச்சடிப்பதானால் அந்த வெறும் ஓரம் ஒரு பக்கத்தில் இடப்புறமும் அதன் மறுபக்கத்தில் வலப்புறமும் வரவேண்டும். இல்லாவிட்டால் துளை எழுத்தைத் தின்றுவிடும். லேசர் பிரின்ரரில் அச்சடிப்பது நல்லது. இங்க்ஜெற் மையில் பல வகை தண்ணீர் பட்டால் பரவும். சமையல் குறிப்புப் புத்தகம் குசினியில்தானே இருக்கப் போகிறது.

பிளாஸ்ரிக் சுருளுக்கு வழக்கமாக ஓர் அங்குலத்துக்கு நாலு துளை. இங்குள்ள சாதாரண 11 அங்குலத் தாளில் ஏறக்குறைய 44 துளைகள் வரும். முதலில் வீணான தாள் ஒன்றைக் குத்திப் பாருங்கள். ஓரத்துத் துளை அரைவாசியாக விழுந்தால் தாளைத் தாங்கும் பக்கச் சட்டத்தைச் சற்று நகர்த்த வேண்டும். பல மெசின்களில் ஓரத்து ஊசியைத் தனியாக இழுத்துவிடவும் வசதி உண்டு. எல்லாத் தாளையும் ஒரேயடியாகக் குத்தப் பார்க்காதீர்கள். மெசினோடு வரும் கைநூலில் சொன்ன எண்ணிக்கையிலும் இரண்டு மூன்று தாள் குறைவாக வைத்தால் பிடி இலகுவாக இறங்கும். முன்பக்கத்துக் கண்ணாடி மட்டையைத் தனியாக, பின்னால் ஒரு தாள் வைத்துக் குத்துங்கள். கீழே விழும் துண்டுகள் சேரும் தட்டை இடைக்கிடை கொட்டாவிட்டால் மெசின் இறுகிப்போகும்.

சுருளின் அளவைப் பற்றித்தான் பலர் கேட்பார்கள். கணக்கு இலகு. சாதாரணத் தாள் நூறு அடுக்கினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு உயரம். புத்தகத்தின் தடிப்போடு மூன்று மில்லிமீற்றர் கூட்டினால் சுருளின் விட்டம். ரீச்சர் அம்மாவின் புத்தகம் 80 தாள், மட்டைகளோடு ஒன்பது மில்லிமீற்றர். 12 மில்லிமீற்றர்ச் சுருள் போட்டோம். முதல் சில துளைகளுக்குள் கையால் சுழற்றி விட்டால், பிறகு மெசினில் சுழலும் உருளை இருந்தால் அது இழுத்துக்கொண்டு போகும். உருளை இல்லாவிட்டாலும் கையாலேயே சுழற்றி முடிக்கலாம், பொறுமைதான் தேவை. கடைசியில் இரண்டு முனையையும் அதற்கென்று உள்ள குறட்டால் வெட்டி உள்ளே மடித்துவிட வேண்டும். மடிக்காவிட்டால் சுருள் மெல்ல மெல்லக் கழன்றுவிடும்.

இந்தக் கட்டின் பெரிய நன்மை, புத்தகம் மேசையில் தட்டையாக விரிந்து கிடக்கும். அந்தப் பேத்தி இடப்பக்கம் அம்மம்மாவின் தமிழையும் வலப்பக்கம் தன்னுடைய ஆங்கிலத்தையும் வைத்தாள். லண்டனில் இருக்கும் மச்சான்மாருக்கு ஆங்கிலப் பக்கம், மாமாவுக்குத் தமிழ்ப் பக்கம். இருவரும் ஒரே புத்தகத்தைப் பார்த்துக் கதைக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதுகில் தலைப்பு எழுத இடமில்லை, அலுமாரியில் அடுக்கினால் எது எதுவென்று தெரியாது. முரட்டுத்தனமாகத் திருப்பினால் துளையோரம் கிழியும். விற்பனைக்கு நூற்றுக்கணக்கில் வேண்டுமானால் அச்சகத்துக்குத்தான் போக வேண்டும். ஐந்து, பத்துப் பிரதிகளுக்கு இது போதும். ஒரு புத்தகத்துக்குச் சில டொலர்களும் ஒரு பின்னேரமும் போதும்.

ஒன்றைக் கட்டாயம் மனதில் வைத்திருங்கள். மூலப் பிரதியை ஒருபோதும் துளையிடாதீர்கள். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், ஊரிலிருந்து வந்த கடிதம், கையெழுத்துக் கொப்பி எதுவாக இருந்தாலும் போட்டோக் கொப்பி எடுத்து அதைத்தான் கட்ட வேண்டும். மூலத்தை ஒரு பெட்டியில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பேஸ்மன்ற் வேண்டாம். தட்டெழுதிய கோப்பை வேறொரு வீட்டிலும் ஒரு பிரதி வைத்திருங்கள். ஊரைப் பற்றிய பொதுவான செய்திகள் இருந்தால், குடும்பம் சம்மதித்தால், 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்துக்கும் அறிவியுங்கள். ஈழத்து ஆவணங்களை அவர்கள் இணையத்தில் சேர்த்து வருகிறார்கள்.

ரீச்சர் அம்மாவின் புத்தகம் ஐந்து பிரதியாகக் கட்டினோம். நாலு பிள்ளைகளுக்கு நாலு, அவருக்கு ஒன்று. ஒரு நாட்டில் ஒரு பெட்டி தொலைந்தாலும் அந்த ஒழுங்கைகள் இனித் தொலையாது.

என்னுடைய மெசின் சனிக்கிழமைகளில் சும்மாதான் நிற்கிறது. தட்டெழுதி அச்சடித்த தாளோடும் சுருளோடும் வருபவர்களுக்குக் கட்டிக் கொடுக்கிறேன், காசு வேண்டாம். நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து நேரத்தைப் பதிந்துகொள்ளுங்கள். இன்னும் ஒன்றும் எழுதாத வீட்டில் இந்த வாரம் வயதான ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து, "உங்கட ஒழுங்கையில முதலாவது வீடு யாற்றை?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதத் தொடங்குங்கள். மீதியை அவரே சொல்லிக்கொண்டு போவார்.

அடுத்த மாதம் மீண்டும் வரிப் பத்திரங்களோடு சந்திப்போம்.