ரோசிக்கு மறுக்கப்பட்ட பெயர்



புகழ் பெறும் உரிமை யாருக்கு இருந்தது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதற்கு ஒரு திரைப்படத்தை எடுத்துக்கொள்கிறேன். மலையாள இயக்குநர் கமல் 2013இல் எடுத்த ‘செல்லுலாய்ட்’. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல், சொத்தை விற்று ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படம் எடுத்த கதை அது. மலையாளத்தின் முதல் படம். அதன் நாயகி பி.கே. ரோசி, புலையர் சமூகத்துப் பெண். காக்காரிசி நாடகம் அறிந்த கலைஞர்.

ரோசி ஏற்ற வேடம் சரோஜினி என்ற நாயர் பெண். திருவனந்தபுரம் கேப்பிட்டால் அரங்கில் படம் திரையிடப்பட்டது. ஆண்டை 1928 என்பார்கள், 1930 என்பார்கள். நடந்தது ஒன்றுதான். ரோசியின் உருவம் தெரிந்ததும் கல்லெறிந்தார்கள். அவர் ஊரைவிட்டே ஓட நேர்ந்தது.

அவர் மோசமாக நடித்தார் என்று எவரும் கல்லெறியவில்லை. நாயர் பெண்ணாக ஒரு புலையப் பெண் உடுத்த முடியும், நடக்க முடியும், பார்ப்பவரை நம்பவைக்க முடியும் என்றால், பிறப்பால் வந்த உயர்வு என்பது என்ன? அதுவும் ஒரு வேடம்தானே! அந்தக் கேள்வியைத்தான் கல்லால் அடித்தார்கள்.

அதே காலத்தில் ஹாலிவுட்டில் புகழ்பெற்றவர் மெர்ல் ஓபரான். 1911இல் பம்பாயில் கலப்பு வம்சத்தில் பிறந்தவர். 1935இல் வெளியான ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். பிறந்த ஊர் டாஸ்மேனியா என்று சொல்லியே காலம் தள்ளினார். வெள்ளை நிறவெறி அவரிடம் கேட்ட விலை அது. ரோசிக்கு மறைக்கவும் வழியில்லை. சாதி தோலில் எழுதியிருப்பதில்லை; ஆனால் ஊருக்குத் தெரியும். ஊரைவிட்டு நாகர்கோவில் பக்கம் வந்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தபோதுதான் உயிர் மிஞ்சியது. நடிகை மறைந்துபோனார்.

‘செல்லுலாய்ட்’ இந்தக் கொடுமையைக் காட்டுகிறது. அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் படத்தின் மையம் டேனியல். ரோசி ஓடிய பிறகு கதை அவரைப் பின்தொடரவில்லை; டேனியலுக்குக் கிடைக்காத அங்கீகாரத்தைத் தேடிப் போகிறது. நிஜத்திலும் அப்படித்தான். டேனியல் பெயரில் கேரள அரசு 1992இல் விருது நிறுவியது. ரோசி பெயரில் திரைக்கழகமும் திரைவிழாவும் வர மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவற்றைத் தொடங்கியவர்கள் கேரளத்துத் திரைத்துறைப் பெண்களும் சென்னையில் நீலம் பண்பாட்டு மையமும். ‘விகதகுமாரன்’ படச்சுருள் இன்று இல்லை. ரோசியுடையது என்று உறுதியாகச் சொல்ல ஒரு புகைப்படம்கூட இல்லை.

நாம் கூடியிருப்பது செங்கல்பட்டு மண். இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளம் இங்கேதான் இருக்கிறது. 1893இல் அவர் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ அந்தச் சொல்லையே முகப்பில் அச்சடித்தார். மறைந்து வாழ்வதற்கு அவர் தந்த மறுமொழி அது.

மாணவத் தோழர்களே, மதுராந்தகத்திலிருந்து மாமல்லபுரம் வரை நம் சேரிகளில் கூத்துக் கட்டியவர்கள், பறையடித்தவர்கள், ஒப்பாரி பாடிய பாட்டிமார்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை எழுதுங்கள், குரலைப் பதியுங்கள், படம் எடுத்து வையுங்கள். இன்னொரு ரோசியை முகமில்லாமல் தேட வேண்டிய நிலை நம் பேரப்பிள்ளைகளுக்கு வரக்கூடாது.