மறதி நோயும் மறக்காத சாதியும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னா சம்பளம், காண்ட்ராக்ட், பறிபோன நிலம்னு பேசுவோம். கம்பெனி பஸ் ஏறுகிற பெண் வீட்டில் விட்டுவிட்டு வருகிற கிழவியைப் பற்றி நாம் பேசுவதில்லை.

2023இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு, நகரத்தைவிடக் கிராமத்தில், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு அதிகம். மூன்று கணக்கிலும் சேரிக் கிழவிதான் முன்னால் நிற்கிறாள்.

நோயைக் கண்டுபிடிக்கிற பரிசோதனையிலும் படிப்பு குறுக்கே வருகிறது. நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது என்றால் கைநாட்டுக்காரி என்ன செய்வாள்? பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் பொருந்தும் முறையை 10/66 என்ற சர்வதேச ஆய்வுக் குழு உருவாக்கியது. சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்கள். ஆக, மனசு வெச்சா முடியும்.

இந்த நோய் புது நினைவை முதலில் தின்னும். பழசு ரொம்ப நாள் கிடக்கும். என் மாமியாருக்குக் காலையில் குடித்த கஞ்சி ஞாபகமில்லை. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தது ஞாபகமிருக்கு. வைத்தியம் பார்க்க வந்தவரை 'ஆண்டே'ன்னு கும்பிட்டுத் தரையில் உட்கார்ந்துட்டாங்க. "எழுந்து கட்டில்ல உக்காரும்மா"ன்னு நானும் நாத்தனாரும் கெஞ்சினோம். நோய்க்கு மாத்திரை எழுதலாம். இதுக்கு என்ன எழுதுவாங்க?

பழைய நினைவுகளைப் பேசவையுங்கள், கோயில் திருவிழா படம் காட்டுங்கள் என்கிறார்கள். எந்தக் கோயில்? எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய கோயிலா? நடவுப் பாட்டும், சேரி மாரியம்மனுக்கு ஊத்தின கூழும், விடிய விடியப் பார்த்த கூத்தும் எங்க நினைவு. பண்பாடறிந்த பராமரிப்பு என்றால் முதலில் சாதியறிந்த பராமரிப்பு.

நான் பகல் ஷிப்ட், நாத்தனார் ராத்திரி ஷிப்ட். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை நமக்கு நோய் வந்தால்தான். வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஒருநாள் கூலிகூடக் கிடையாது. 'மருமவதானே பாக்கணும்'னு நம்ம வீட்டு ஆம்பளைங்களும் கைகழுவுறாங்க. சாதியை எதிர்க்கிற தோழர், தாயின் மலத்துணியை அலசுவதற்கும் வரவேண்டும்.

சங்கங்கள் பராமரிப்பு விடுப்பைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகப் பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி வருபவர், கிழவியின் ஞாபகத்தையும் கேட்கட்டும், பக்கத்தில் நிற்கிறவளிடம் "நீ தூங்கினியாம்மா?" என்றும் கேட்கட்டும். மாணவத் தோழர்களே, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் சேரிக்கு வந்து அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அந்த ரெண்டு மணி நேரம் ஒருத்தி தூங்கட்டும்.