பாட்டியின் முடிச்சு

(தொலைக்காட்சி விவாத மேடையில், "பண்டிகை அலங்காரம்: கடையில் வாங்குவதா, கையால் செய்வதா?" என்ற தலைப்பில், 'கையால் செய்வதே' என்ற அணிக்காக ஆற்றிய உரை.)



எதிரணி நண்பர் சொன்னார்: "கிறிஸ்துமஸுக்கு வாசலில் வளையம் மாட்டினால், 'நல்ல நாளும் அதுவுமாக மலர்வளையமா?' என்று பாட்டி பயந்துவிடுகிறார்." அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். நாம் மலர்வளையத்தை இறுதிச் சடங்குகளில்தான் அதிகம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் வளையத்திற்கு வேறொரு கதையும் உண்டு. 1839இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் வீகெர்ன் என்ற போதகர், ஒரு மரச்சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பிள்ளைகள் அதைப் பார்த்தே எண்ணிக்கொண்டார்கள். அதை அவர் கடையில் வாங்கவில்லை நடுவர் அவர்களே!

பயந்த அந்தப் பாட்டியையே இந்த வேலைக்குத் தலைவியாக்குங்கள் என்கிறேன் நான். எப்படி என்று சொல்கிறேன்.

வீட்டில் இருக்கும் பழைய கம்பி ஹேங்கர் ஒன்றை எடுங்கள். அதை வளைத்து ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக்குங்கள். கொக்கி அப்படியே இருக்கட்டும். வாசல் இரும்புக் கதவில் மாட்ட அதுவே போதும். இரண்டரை செண்டிமீட்டர் அகல ரிப்பனில் மூன்று நிறம், ஒவ்வொன்றிலும் 5 மீட்டர் வாங்குங்கள். 15 செண்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். முனைகளைக் கோணலாக வெட்டினால் நூல் எளிதில் பிரியாது. ஒவ்வொரு துண்டையும் கம்பியில் சுற்றி ஒற்றை முடிச்சுப் போட்டு, இரு முனைகளும் வெளிப்பக்கம் விரிய, முந்திய முடிச்சோடு நெருக்கித் தள்ளுங்கள். பசை வேண்டாம். வட்டத்தின் சுற்றளவு 94 செண்டிமீட்டர். முடிச்சுக்கு ஒரு செண்டிமீட்டர் போனால் ஏறத்தாழ 90 முடிச்சுகளில் வளையம் நிறைந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: ரிப்பன் தீப்பற்றக்கூடியது. மெழுகுவர்த்திக்கும் விளக்குக்கும் தள்ளியே மாட்டுங்கள்.

ரிப்பன் விலையைக் கூட்டிப் பார்த்தால் கடை வளையமே மலிவாக இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். நேரமும் ஆகும், முடிச்சுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒன்றரை மணி நேரம். எதிரணியினர் இதை நட்டக் கணக்கில் எழுதுகிறார்கள். நான் லாபக் கணக்கில் எழுதுகிறேன்.

ஏன் தெரியுமா? சிங்கப்பூரில் 5 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில், வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. பல வீடுகளில் பாட்டி தமிழில் கேட்கிறார், பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பதில் சொல்கிறது. "சாப்பிட்டாயா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாசம் இல்லாமல் இல்லை. சேர்ந்து செய்ய ஒரு வேலை இல்லை.

வாழைநாரில் மல்லிகையைச் சரம் சரமாகத் தொடுத்த கைக்கு ரிப்பன் முடிச்சு ஒரு பொருட்டா? பாட்டி செய்து காட்டுவார்; பேத்தி பார்த்துச் செய்வாள். 'இறுக்கு', 'தளர்த்து', 'நெருக்கித் தள்ளு', 'அவிழ்த்துவிட்டு மறுபடி போடு' என்று சொற்கள் தாமாக வந்து விழும். எந்தப் பயிற்சித் தாளிலும் எழுதி மனப்பாடம் செய்யாத சொற்கள் அவை. கை செய்வதைக் காது கேட்கும்போது பிள்ளைக்குப் பொருள் சொல்லித்தர வேண்டியதில்லை. இடையிடையே தோட்டத்துக் கதை வரும், தாத்தா கதை வரும்.

ஒரு வளையத்தால் தமிழ் வளர்ந்துவிடுமா என்று எதிரணியினர் கேட்பார்கள். வளர்ந்துவிடாது. ஆனால் அந்தப் பாட்டியும் பேத்தியும் ஒன்றரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருப்பார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீடா? அதே கம்பியில் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ மஞ்சளும் சிவப்புமாகக் கட்டுங்கள்.

வளையம் சற்றுக் கோணலாகத்தான் இருக்கும். விருந்தினர் வந்து, "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கட்டும். "நானும் பாட்டியும் கட்டினோம்" என்று அந்தப் பிள்ளை தமிழில் சொல்லும். அந்தப் பதில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டு, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து விடைபெறுகிறேன்.