லினக்ஸ் பயில்வார்க்கு ஒரு நோக்கு நூல்

நூல்களுள் இருவகை உண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை ஆசிரியரைப் போல உடன் வந்து கற்பிப்பது ஒரு வகை. வேண்டும்போது திறந்து, வேண்டியதைப் பார்த்துக்கொண்டு மூடி வைப்பது மற்றொரு வகை. முன்னதைப் பாடநூல் என்கிறோம். பின்னதை நோக்கு நூல் என்று நூலகத்தார் குறிப்பர். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கிப் பணத்தையும் காலத்தையும் இழந்தவர் பலர். அவர்களுள் ஒரு மாணவியும், அவளுக்கு அறிவுரை கூறப் புகுந்த நானும் உண்டு.

நேயர்களே, நான் கணிப்பொறித் துறையில் பயின்றவன் அல்லேன். பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆயினும் அகராதிகளோடும் நிகண்டுகளோடும் நெடுநாள் பழகியவன் ஆதலின், ஒரு நோக்கு நூலின் தரத்தை அறிய எனக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் ஒருமுறை பிழைபட்டது. அதனையும் மறையாமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துத் தெருவில் வாழும் ஒருவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். அவருடைய மகள் அப்பொழுது பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தது ஒரு பழைய மடிக்கணினி. அவளுடைய அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு இலவசமாக வழங்கியது. அத்திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், நம் ஆவடி ரயில் பாதையிலேயே மேற்கே சென்றால் வரும் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது என்பது பலருக்கு நினைவிருக்கும். அக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் பதியப்பட்டிருந்தது. என் மாணவருள் பலர் அதைத் திறந்தும் பார்த்ததில்லை. இந்தப் பெண் பார்த்தாள்.

பார்த்ததற்குக் காரணம் உண்டு. பட்டறையில் கடைந்தெடுத்த ஒவ்வோர் உருப்படியையும் டிஜிட்டல் வெர்னியரால் அளந்து, அளவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவள் தந்தையார் எழுதி வருவார். மாலையில் கண் சோர்ந்தபோது எழுதும் எண் தவறிவிடும். தவறினால், வாங்கும் நிறுவனம் பெட்டியோடு திருப்பி அனுப்பும். வெர்னியரிலிருந்து ஒரு கம்பியைக் கணினியில் செருகி, அளவுகளை அதுவே நேரத்தோடு குறித்துக்கொள்ளுமாறு செய்துவிட்டால் என்ன என்பது மகளின் எண்ணம். நல்ல எண்ணந்தானே?

எண்ணம் எளிது, செய்வதற்கு வேண்டிய அறிவோ பலவகைப்பட்டது. கம்பி வழியாக வருவதை வாங்க வேண்டும். கோப்பில் எழுத வேண்டும். நேரம் அறிய வேண்டும். இடையில் நிறுத்தினால் எழுதியது அழியாமல் காக்க வேண்டும். லினக்ஸில் இவை ஒவ்வொன்றையும் கெர்னல் எனப்படும் உட்கருவிடம் கேட்டே பெறவேண்டும். அங்ஙனம் கேட்கும் முறைகளுக்குச் சிஸ்டம் கால் என்று பெயர். அத்தகைய முறைகள் சில நூறு உள்ளன. அத்தனையையும் நினைவில் வைத்திருப்பவர் அரியர். ஆதலின் பரந்த நோக்கு நூல் ஒன்று இன்றியமையாததாகிறது. இயந்திரப் பொறியியல் பயில்வோர்க்கு இது புதிதன்று. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியார் தொகுத்த வடிவமைப்பு விவர நூலைத் தேர்வு அறைக்குள்ளேயே கொண்டு செல்ல அனுமதிக்கிறார்கள் அல்லவா? அதனை எவரும் முதற்பக்கத்திலிருந்து படிப்பதில்லை.

இம்மாணவி முதலில் வாங்கியது, முப்பது நாளில் எல்லாம் கற்பிப்பதாக அட்டையில் அறிவித்த ஒரு நூல். அதிலிருந்த எடுத்துக்காட்டைப் பார்த்து அவள் எழுதிய நிரல் ஓடவும் செய்தது. ஆனால் 12.47 என்னும் அளவு கோப்பில் 12 என்று ஒரு வரியாகவும் 47 என்று மறு வரியாகவும் விழுந்தது. நாற்பத்தேழு மில்லிமீட்டர் விட்டமுடைய உருப்படி அப்பட்டறையில் செய்யப்படுவதே கிடையாது! ஒருமுறை அவ்வாறு, மறுமுறை சரியாக. ஏன் என்பதற்கு அந்நூலில் விடை இல்லை. "சார், எந்தப் புத்தகம் வாங்கணும்னு நீங்கதான் சொல்லணும்" என்று என்னிடம் வந்தாள். கையில் இரண்டாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தாள்.

நான் நாலு பேரை விசாரித்தேன். எல்லோரும் புகழ்ந்த நூல் ரிச்சர்டு ஸ்டீவன்ஸ் 1992இல் எழுதிய யூனிக்ஸ் நூல். அவர் 1999இல் மறைந்த பின்னர், ஸ்டீபன் ராகோ என்பவர் அதனைத் திருத்தி 2005இலும் 2013இலும் மறுபதிப்புகள் கொணர்ந்தார். புகழ் பொய்யன்று. நண்பர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கி, பணத்தைச் செலவிடாதே என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். நான் புரட்டியும் பார்க்கவில்லை. என் பிழை அதுதான்.

இரண்டு மாதம் அவளைக் காணவில்லை. பிறகு கேட்டால், முதல் எடுத்துக்காட்டே ஓடவில்லையாம். அந்நூலின் நிரல்கள் யாவும் ஆசிரியர் தாமே எழுதிய ஒரு தலைப்புக் கோப்பை எதிர்பார்ப்பவை. அது கணினியில் இல்லை. தனக்கு இந்த அறிவு வராது என்று அப்பெண் முடிவு கட்டிவிட்டாள். நூலை வாங்கி நான் புரட்டினேன். அக்கோப்பு முழுவதும் பின்னிணைப்பில் அச்சிடப்பட்டிருக்கிறது! பாடநூலில் பின்னிணைப்பைப் பார்க்காமலே தேறிவிடலாம். நோக்கு நூலிலோ முன்னுரையையும் பின்னிணைப்பையும் முதலில் பார்க்க வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் நான் பலமுறை சொன்ன பாடம் இது, எனக்கே வேண்டியிருந்தது.

அதன் பின்னர்தான் வீரமாமுனிவர் நினைவுக்கு வந்தார். 1732இல் அவர் தொகுத்த சதுரகராதியில் நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது பெயரகராதி: ஒரு சொல்லைச் சொன்னால் அதன் பொருள்களைத் தரும். இரண்டாவது பொருளகராதி: ஒரு பொருளைச் சொன்னால் அதற்கு வழங்கும் சொற்களைத் தரும். சொல் தெரிந்து பொருள் தெரியாதவனுக்கு முன்னது. பொருள் தெரிந்து சொல் தெரியாதவனுக்குப் பின்னது. ஏனைய தொகையும் தொடையும் இங்கே நமக்கு வேண்டா.

லினக்ஸ் கணினி ஒவ்வொன்றுக்கும் கையேட்டுப் பக்கங்கள் என ஒரு தொகுதி இலவசமாகக் கிடைக்கிறது. 'மேன்' என்று தட்டெழுதி, அழைப்பின் பெயரையும் எழுதினால் அதன் விளக்கம் திரையில் வரும். சிஸ்டம் கால்கள் இரண்டாம் பகுதியிலும், நூலகச் செயற்கூறுகள் மூன்றாம் பகுதியிலும் வகுக்கப்பட்டுள்ளன. இஃது ஒரு சிறந்த பெயரகராதி. ஆனால் அழைப்பின் பெயரே தெரியாதவன் என்ன செய்வான்? சொல்லைக் கொடுத்துத் தேடும் வழியும் அதில் உண்டு. அச்சொல்லும் ஆங்கிலத்தில் சரியாகத் தெரிந்திருக்க வேண்டுமே! "கம்பி வழி வரும் எண் ஏன் துண்டுபடுகிறது?" என்று கையேட்டைக் கேட்க இயலாது. அதற்கு வேண்டுவது பொருளகராதி. நாம் விலை கொடுத்து வாங்கும் கனத்த நூல் இந்தக் குறையை நிரப்ப வேண்டும். பெயரகராதியையே மறுபடி அச்சிட்டுத் தருவதாயின் வாங்குவது வீண்.

ஆகவே, நூல்களை அவளுடைய கேள்வியைக் கொண்டே சோதித்தோம். ஒவ்வொரு நூலின் பொருளடக்கத்திலும், இறுதியில் உள்ள சொல்லடைவிலும் அக்கேள்வியைத் தேடி, எத்தனை பக்கம் புரட்டியபின் விடை கிடைக்கிறது என்று பார்த்தோம். அழைப்பு தோல்வியுற்றால் என்ன நேரும் என்று கூறுகிறதா என்பதையும் கவனித்தோம். எல்லாம் நன்றாக நடக்கும் எனக் கொண்டு எழுதப்பட்ட நூல், பட்டறைக்கு உதவாது.

நீல் மாத்யூ, ரிச்சர்டு ஸ்டோன்ஸ் இருவரும் எழுதிய தொடக்கநிலை நூலின் நான்காம் பதிப்பு 2007இல் வந்தது. ஷெல், கோப்பு, முனையம், தரவுத்தளம், வலைத்தொடர்பு, திரைச்சாளரம் என அகலம் மிகுதி. ஆனால் சாளரங்களைப் பற்றிய அதிகாரங்கள் பெரிதும் பழையனவாகிவிட்டன. முதலிலிருந்து வாசித்துக் கற்க அது நன்று. தேடிப் பார்க்க ஆழம் போதவில்லை என்பது என் கருத்து. ஸ்டீவன்ஸ் நூலில் எங்கள் கேள்விக்கு விடை இருந்தது. எனினும் அது யூனிக்ஸ் குடும்பம் முழுமைக்கும் உரியது. மூன்றாம் பதிப்பு நான்கு இயங்குதளங்களை ஒப்பிட்டுச் செல்கிறது. ஒரே ஒரு பழைய மடிக்கணினி வைத்திருப்பவளுக்கு மற்ற மூன்றும் சுமை.

மைக்கேல் கெரிஸ்க் 2010இல் வெளியிட்ட நூலே எங்கள் சோதனையில் முந்தியது. 1500 பக்கத்துக்கு மேற்பட்டது, 64 அதிகாரங்கள், விளக்கப்படும் அழைப்புகளும் செயற்கூறுகளும் 500க்கு மேல். முனையத்தைப் பற்றிய 62ஆம் அதிகாரத்தில் விடை கிடைத்தது. கம்பி வழி வருவதை ஒரு வரி நிறையும் வரை திரட்டி வைத்துக் கெர்னல் தருவது ஒரு முறை. வந்தது வந்தபடியே தருவது மற்றொரு முறை. அவள் பார்த்தெழுதிய எடுத்துக்காட்டு இரண்டாம் முறையில் இருந்தது. அம்முறையில் 'ரீட்' என்னும் அழைப்பு, கேட்ட அளவினும் குறைவாகத் தரலாம், அது பிழையன்று. எத்தனை எழுத்து வந்தது என எண்ணிப் பார்த்து, வரி முடியும் வரை மறுபடி கேட்பது நிரலெழுதுவோர் கடமை. 12க்கும் 47க்கும் இடையே நடந்தது இவ்வளவே.

இந்த கெரிஸ்க் என்பவர்தான் 2004 முதல் பல ஆண்டுகள் கையேட்டுப் பக்கங்களையும் பேணி வந்தவர். பெயரகராதியைப் பராமரித்தவரே பொருளகராதியையும் எழுதினார் என்பது நூலுக்குப் பெரும் நன்மை.

2010ஆம் ஆண்டு நூல் இன்றைக்குப் பயன்படுமா என்று கேட்கலாம். கெர்னல் மாறினாலும், ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் முறிந்துவிடலாகாது என்பதை லினஸ் தோர்வால்ட்ஸ் கண்டிப்பான விதியாகக் கொண்டவர். ஆகையால் கோப்பு, முனையம், செயல்முறை பற்றிய அதிகாரங்கள் இன்றும் செல்லும். 2019இல் சேர்ந்த ஐ.ஓ.யூரிங் போன்ற புதியன அதில் இல்லை. அவற்றைக் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

விலைதான் இடர். அமெரிக்காவில் அச்சிட்ட விலை ஏறத்தாழ நூறு டாலர். பட்டறைத் தொழிலாளியின் வீட்டில் அஃது எளிய தொகையா? அதுவரைக்கும் கைகொடுக்க ஒரு நூல் உண்டு: குனு சி நூலகத்தின் கையேடு. பொருள் வாரியாக வகுக்கப்பட்டது, ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்டது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முனையத்துக்கென அதிலும் ஓர் அதிகாரம் உள்ளது. நடை சற்று வறண்டது, படங்கள் அரிது. ஆங்கிலம் தடுமாறுவோர், கணியம் இதழ் 2012 முதல் தமிழில் வெளியிட்டு வரும் கட்டற்ற மென்பொருள் கட்டுரைகளில் தொடங்கிப் பழகிக்கொண்டு இதற்கு வரலாம்.

அம்மாணவி ஆறு மாதம் இந்தக் கையேட்டை வைத்தே காலம் தள்ளினாள். வெர்னியர் நிரல் சரியாயிற்று. இப்போது 12.47 ஒரே வரியில் விழுகிறது. தந்தையாரோ நோட்டுப் புத்தகத்திலும் எழுதத்தான் எழுதுகிறார். பின்னர் அவளும் தோழியர் இருவரும் பணம் சேர்த்துக் கெரிஸ்கின் நூலை வாங்கினர். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் பூவிருந்தவல்லியில் இருந்தது. இவ்வாரம் பட்டாபிராமில் இருக்கிறது. தமக்கு வேண்டிய பக்கத்தில் அவரவர் ஒரு பழைய ரயில் சீட்டைச் செருகி வைத்து அனுப்புகிறார்களாம்.