மெரினா மணலும் நம் மனுவும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மெரினாவுக்குப் போனால் அலையில் கால் நனைக்க எவ்வளவு தூரம் மணலில் நடக்கிறீர்கள்? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு நடக்க வேண்டியிருந்திருக்காது. கடல் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. அங்கே கரை அகலமானதற்கும், திருவொற்றியூரில் நம் கரை குறுகியதற்கும் காரணம் ஒன்றுதான்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையில் சாய்வாக மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே தள்ளுகின்றன. முன்னது நீண்ட காலம் என்பதால், ஆண்டுக் கணக்கில் வடக்கே போகும் மணல்தான் அதிகம்.

1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்தது; மீண்டும் கட்டினார்கள். வடக்கே போன மணல் அந்தச் சுவரின் தென்பக்கம் தங்கியது. மெரினா வளர்ந்தது. வடபக்கம் அலை மணலை எடுத்துப் போனது. ஆனால் புது மணல் வரவில்லை. ராயபுரம் தொடங்கி வடக்கே கரை கரைந்தது. படகு ஏற்றவும் வலை காயப்போடவும் மீனவர்களுக்கு இருந்த இடம் போனது.

பிறகு கல் கொட்டினோம். கற்சுவர் தனக்குப் பின்னால் உள்ள சாலையைக் காக்கும். ஆனால் மணலைக் கொண்டுவராது. சுவர் முடியும் இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடரும். அதாவது, நம் பிரச்சினை அடுத்த குப்பத்துக்குப் போகும்.

புதுச்சேரியிலும் 1980களில் துறைமுகம் கட்டிய பிறகு நகரக் கடற்கரை காணாமல் போனது, கல்தான் மிஞ்சியது. பின்னர் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் நீருக்கடியில் தடுப்பு அமைத்தார்கள். தலைமைச் செயலகத்தின் எதிரே மீண்டும் மணல் சேர்ந்தது.

இப்போது நம் விஷயம். நம் தெரு முனையில் கூடுதலாகக் கல் கொட்டச் சொல்லி ஒரு மனு சுற்றுக்கு வந்திருக்கிறது. சாலைக்கு உடனடி ஆபத்து இருக்கும் இடத்தில் கல் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் மனு அதோடு நிற்க வேண்டாம். தெற்கே தேங்கும் மணலையும், தூர்வாரும்போது கிடைக்கும் நல்ல மணலையும் வடபக்கக் கரைக்குத் தொடர்ந்து கொண்டுவரச் சொல்லி ஒரு வரி சேர்ப்போம். வடக்கே உள்ள குப்பத்தாரையும் கேட்டுவிட்டு அனுப்புவோம்.

இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. வீட்டைப் புதுப்பிக்கும்போது வரும் இடிபாடுகளைக் கடற்கரையில் கொட்டக் கூடாது என்று மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உடைந்த டைல்ஸும் செங்கல்லும் மணல் ஆகாது.

மனுவைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.