பனிக்குப் பயந்துவிட்டார்களா ரலி ஓட்டுநர்கள்?



மாசி மாதம் வந்தால் எங்கள் வீடுகளில் இளையவர்கள் சுவீடன் ரலி பார்ப்பார்கள். நோர்வேயில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, 2003 இல் உலகச் சம்பியனான பெற்றர் சூல்பேர்க்கின் பெயரைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கூட இருந்து பார்க்கும் எங்கள் வயதுக்காரர் ஆளாளுக்கு ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "முந்தி ஓடினவங்கள் வீரன்கள். இப்ப காலநிலை கொஞ்சம் சரியில்லையெண்டாலே போட்டியை நிப்பாட்டிப்போடுறாங்கள்." இந்தக் கதை சரியா என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முந்தி ஓடியவர்கள் வீரர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1965 ஆம் ஆண்டு மொன்ரி கார்லோ ரலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்தும் 237 கார்கள் புறப்பட்டன. பிரான்சின் மலைப்பகுதியில் பனிப்புயல் அடித்தது. வந்து சேர்ந்தவை 35 கார்கள் மட்டும். ஸ்ரொக்ஹோமிலிருந்து புறப்பட்ட பின்லாந்துக்காரர் திமோ மகினென், தாமதத்துக்கான தண்டப் புள்ளி ஒன்றுமே வாங்காமல் வந்து வென்றார். அவர் ஓட்டியது ஒரு சின்ன மினி கூப்பர். இரவு பகலாகத் தூக்கமில்லாமல், முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஓடிய ஓட்டம் அது. அப்படியொரு ஓட்டம் இனி நடக்காது. இன்றைய ரலியில் இரவில் ஓய்வு உண்டு, ஓடும் தூரமும் குறைவு. இது இழப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பனிக்காகப் போட்டியை நிறுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும். சுவீடன் ரலி எப்போது நின்றது? 1990 இல் போட்டியே நடக்கவில்லை. 2016 இல் பல கட்டங்களைக் கைவிட்டார்கள். 2020 இல் ஏறத்தாழப் பாதித் தூரம் போய்விட்டது. மூன்று தடவையும் காரணம் ஒன்றுதான்: பனி கூடியதல்ல, பனி இல்லாதது. மாரி வந்ததற்காக நிறுத்தவில்லை, மாரி வராததற்காக நிறுத்தினார்கள்.

பனி இல்லாவிட்டால் ஓடுவது இன்னும் சுகம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு அந்த ரயரைப் பார்க்க வேண்டும். நாங்கள் போடும் மாரி ரயரை விட ஒடுக்கமானது. ஒவ்வொன்றிலும் 384 இரும்பு ஆணிகள், ஒவ்வோர் ஆணியும் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே கிடக்கும் பனியை வெட்டிக்கொண்டு போய், அடியில் இறுகிக் கிடக்கும் ஐஸில் கவ்வுவதற்காகச் செய்யப்பட்டது அது. வெர்ம்லான்ட் காட்டு வீதிகள் தார் போட்டவை அல்ல, கிறவல் வீதிகள். நிலம் உறையாமல் சேறாகக் கிடந்தால் அந்த ஆணிகள் வீதியை உழுதுவிடும். கல் கிளம்பும், ஆணி பிடுங்குப்படும். பிறகு வருகிற கார், ஆணி கழன்ற ரயரோடு அடுத்த வளைவில் மிச்சம் கிடக்கும் ஐஸில் ஏறும்.

இன்னொன்று, பனி வரம்பு. வயல் வரம்பு மாதிரி வீதியின் இரண்டு கரையிலும் தள்ளிக் குவித்த பனி இருக்கும். நல்ல ஓட்டுநர் வளைவில் காரின் பின்பக்கத்தை அதில் லேசாகச் சாய்த்துத் திருப்புவார். வரம்பு இல்லாத இடத்தில் சாய்ந்தால் மரமும் பாறையும்தான். ஆகவே 2016 இல் ஓட்டுநர்கள் மத்தியிலேயே கவலை எழுந்ததைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். தங்கள் தொழில் தெரிந்தவர்கள் பேசிய பேச்சு அது.

இது எங்களுக்கும் புதிய விசயமல்ல. இருபது பாகை குளிரைப் பார்த்துத்தான் ஊரிலிருந்து வந்த புதிதில் நாங்கள் எல்லாரும் பயந்தோம். போகப் போகத்தான் தெரிந்தது, கடும் குளிரில் ஐஸ் காய்ந்து இறுகி இருக்கும், ரயர் ஓரளவு பிடிக்கும் என்று. பொல்லாதது பூச்சியம் பாகைதான். அப்போது ஐஸின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும். அதன் மேல் மழையும் பெய்தால் நடக்கவே முடியாது, கார் எப்படி நிற்கும்?

நான் பல வருடம் விடியற்புறம் பேப்பர் போட்டவன். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலரும் அந்த வேலை செய்திருப்பீர்கள். ஒரு தை மாதம், இரவிரவாக ஐஸின் மேல் மழை. மூன்று மணிக்குப் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்து, மலைப்பக்க வீடுகளுக்கு இன்று ஏற முடியாது என்றேன். ஆறு மணிக்குள் பேப்பர் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் பதில். அன்று எங்களோடு வேலை செய்த தம்பி ஒருவர் இறக்கத்தில் வழுக்கிக் காரோடு கானுக்குள் போனார். தோள் எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தார். அந்த நிறுவனம் எது என்று சொல்லி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ரலி ஓட்டுநருக்குத் தலைக்கவசம் உண்டு, காருக்குள் இரும்புக் கூடு உண்டு, எதிரே வாகனம் வராத மூடிய வீதி உண்டு. மொன்ரி கார்லோவில் கட்டம் தொடங்க முன்னரே வேறொரு கார் அதே வீதியில் போய், எந்த வளைவில் ஐஸ் கிடக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்து கொடுக்கும். இவ்வளவும் இருந்தும், 2017 தை மாதம் மொன்ரி கார்லோவின் முதற் கட்டத்திலேயே ஒரு கார் ஐஸில் வழுக்கிப் புரண்டு, பார்க்க நின்ற ஒருவர் இறந்துபோனார். இப்படிப்பட்ட இடத்தில் "இன்று வேண்டாம்" என்று சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர் இருப்பது நல்லதா, கெட்டதா? அன்று மூன்று மணிக்கு எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் இருக்கவில்லை.

எல்லா நிறுத்தத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 2017 சுவீடன் ரலியில் குனூன் என்ற கட்டத்தின் இரண்டாவது ஓட்டத்தை நிறுத்தினார்கள். முதல் ஓட்டத்தில் சராசரி வேகம் மணிக்கு 130 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது என்பது காரணம். அங்கே ஐஸ் நன்றாக இருந்தது, ரயர் பிடித்தது, ஓட்டுநர்கள் ஓடத் தயாராக இருந்தார்கள். வேகம் கூடிப்போகும் என்றால் வீதியைத் தெரிவு செய்யும்போதே யோசித்திருக்கலாம். போட்டி நடந்துகொண்டிருக்கும்போது வெட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வயதுக்காரர் இந்த ஒன்றைக் காட்டிக் கேட்டால் நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் அவர்கள் காட்டுவது எப்போதும் 2020 ஐத்தான்.

அமைப்பாளர்கள் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. வெர்ம்லான்டில் மாரியை நம்ப முடியாமல் போக, 2022 இல் ரலியை வடக்கே ஊமெயோவுக்குக் கொண்டுபோனார்கள். பனிக்குப் பயந்தவர்கள் பனியைத் தேடி வடக்கே போவார்களா?

ஒஸ்லோவிலிருந்து ஊமெயோ நீண்ட ஓட்டம். நேரில் போய்ப் பார்க்க விரும்பும் தம்பி தங்கைமார் புறப்பட முன் ரயரின் பள்ளத்தை அளந்து பாருங்கள். சட்டம் கேட்பது 3 மில்லிமீற்றர், நான் கேட்பது அதைவிடக் கூட. போகிற வழியில் வெப்பமானி பூச்சியத்தைக் காட்டினால் ஒரு கடையில் நிறுத்தித் தேத்தண்ணி குடியுங்கள்.