மல்லாட்டையும் பூஞ்சை வித்தும்



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மல்லாட்டை பறிக்காத கை நம்மிடையே குறைவு. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ஆகிய இரகங்கள் திண்டிவனத்தின் பெயரையே தாங்கியவை. ஈரத்தோடு குவித்த காயின்மீது மஞ்சள் கலந்த பச்சைப் பொடி படிவதைக் கண்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சையின் வித்து.

வெறும் இழையாக இருந்த பூஞ்சை வித்தாக மாறுவது எவ்வாறு? இதன் உறவினமாகிய ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் விடை தந்தது. நீர்மத்தில் மூழ்கியிருக்கும்வரை அது பொதுவாக இழையாகவே வளரும். சுமார் 18 மணி நேரம் வளர்ந்தபின் காற்றுப்பட்டால் காம்பு எழுந்து, நுனியில் வித்துகள் சரம் சரமாகத் தோன்றும். இரு நிலையிலும் மரபணுக்கள் அவையேதாம். எது எப்போது இயங்குகிறது என்பதே வேறுபாடு.

1969இல் கிளட்டர்பக் என்னும் அறிஞர், வித்தின்றிக் காம்பு மட்டும் முள்போல் நீளும் பிறழ்வினங்களை ஆராய்ந்தார். அவற்றில் பழுதுபட்டிருந்த மரபணுவின் பெயர் பிஆர்எல்ஏ. 1988இல் ஆடம்ஸ், பாய்லன், டிம்பர்லேக் மூவரும் அம்மரபணுவை நீர்மத்துக்குள்ளேயே செயற்கையாக இயக்கினர். மூழ்கியிருந்த இழைகளே வித்தீன்றன! பிஆர்எல்ஏ, ஏபிஏஏ என்பதை எழுப்புகிறது. அது வெட்ஏ என்பதை எழுப்புகிறது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வேலை நடக்கிறது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை ஆக்கும் மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்துக் கூட்டமாக அமைந்துள்ளன. வித்து, நஞ்சு இரண்டையும் ஒரே உட்குறிப்பு அடக்கி வைக்கிறது என்றும், அது ஓய்ந்தாலே இரண்டும் எழும் என்றும் இவ்வினப் பூஞ்சைகளில் 1997இல் கண்டனர். அந்நஞ்சு ஈரலில் புற்று விளைப்பது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றும் அழியாது. புண்ணாக்கில் தங்கும், அதைத் தின்ற மாட்டின் பாலிலும் இறங்கும்.

ஆகவே, தோழர்களே! வியாபாரி கழித்த பூசணக் கொட்டையைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். குழந்தைக்கு அதை வறுத்துக் கொடுக்காதீர்கள். காயை ஈரம் 8 விழுக்காட்டளவுக்கு இறங்கும்வரை, குலுக்கினால் கொட்டை ஒலிக்கும்படி, களத்தில் உலர்த்துங்கள்.

மாணவர்களே! பிறப்பே அனைத்தையும் முடிவு செய்யும் என்று நம் முன்னோருக்குச் சொல்லி வைத்தார்கள். ஒரு பூஞ்சை இழையில்கூட அது உண்மையன்று. மரபோடு சூழலும் சேர்ந்தே முடிவு செய்கிறது. மல்லாட்டை பறித்த வீடுகளிலிருந்து நுண்ணோக்கியின்முன் அமர்வோரும் வரவேண்டும். இச்சங்கம் அதற்காகவே இருக்கிறது.